விளக்கை அணைக்கும் நாள்

ஜப்பானின் ஐச்சி மாகாணத்தில், வடக்கே மிகாவா விரிகுடாவும் தெற்கே பசிபிக் பெருங்கடலும் சூழ மேற்கு நோக்கி நீண்டு கிடக்கும் அட்சுமி தீபகற்பத்தில் இருக்கிறது தஹாரா நகரம். அங்கே விரிகுடாவைத் தூர்த்து உருவாக்கிய நிலத்தில் இருந்த ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்புப் பொறியாளராக வேலை பார்த்தேன். குளிர்காலத்தில் வடமேற்குக் காற்று ஓயாமல் வீசும். வயல்களெங்கும் முட்டைக்கோஸ் நிற்கும். இரவுப் பணியன்று பேருந்தில் போகும்போது பசுமைக்குடில்கள் வரிசை வரிசையாக மஞ்சள் ஒளியில் மிதப்பதைக் கண்டு, செடி விரைவில் பூக்கத்தான் இந்த வெளிச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

உண்மை அதற்கு நேர்மாறு என்பதை, வீட்டில் சாமந்தி பயிரிடும் மூத்த சக ஊழியர் ஒருவர் பொறுமையாக விளக்கினார். இரவு நீண்டால்தான் சாமந்தி மொட்டு வைக்கும். நள்ளிரவில் சில மணி நேரம் விளக்கெரித்து அந்த நீண்ட இரவை இரண்டாக முறித்துவிட்டால், செடி பூப்பதைத் தள்ளிப்போட்டு இலையும் தண்டுமாகவே வளர்ந்துகொண்டிருக்கும். மார்ச் மாதத்து ஹிகான் நாட்களில் முன்னோரின் கல்லறைகளுக்கு ஜப்பானியர் பூக்கொண்டு செல்வார்கள். அந்தச் சந்தைக்குப் பூ போய்ச் சேரவேண்டிய நாளிலிருந்து ஏறக்குறைய 7 வாரங்கள் பின்னோக்கி எண்ணி விளக்கை அணைக்கிறார்கள். பொருளை ஒப்படைக்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் நாங்களும் ஆலையில் ஒவ்வொரு வேலையையும் திட்டமிட்டோம். ஆனால், ஓர் உயிரின் காலத்தை அவ்வளவு நுட்பமாகக் கணக்கிடுபவர்களை நான் அதுவரை பார்த்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, முட்டைக்கோஸ் அறுவடைக்கு உதவச் சென்றபோது, அந்தச் சக ஊழியர் வயலோரக் குழாயைத் திறந்து காட்டினார். பெரிய ஆறு எதுவும் இல்லாத இத்தீபகற்பம் வறட்சிக்குப் பேர்போனதாக இருந்ததாம். இவ்வூர்ப் பகுதியில் பிறந்த கோண்டோ ஜுயிச்சிரோ 1921இல் ஜாவா சென்று, அங்குள்ள பாசனத்தைக் கண்டு, மலைநீரைக் கால்வாய் வழியே இங்கு கொண்டுவரலாம் என்று எண்ணினார். 1949இல் தொடங்கிய டொயோகாவா கால்வாய்ப் பணி 1968இல்தான் நிறைவுற்றது. தண்ணீர் வருவதற்கு முந்தைய ஆண்டுகளைத் தம் தந்தை சொல்லிக் கேட்டிருப்பதாகச் சக ஊழியர் சொன்னபோது, குழாயை மூட அவர் கை சற்றே தயங்கியது.

ஜனவரி இறுதியில் ஒருநாள், "இன்றிரவு அணைக்கிறோம்" என்றார். அன்றிரவு பேருந்தின் ஜன்னலோரம் அமர்ந்து தேடினேன். அத்தனை ஒளிக்கு நடுவே அவருடைய குடில்கள் மட்டும் இருண்டிருந்தன.