வின்ட்சர் ஓடைக்கரையில் ஒரு செங்கல் கட்டடம்

நியூயார்க்கில் காலையில் ரயில் ஏறினேன். வெர்மான்ட் மாநிலத்து வின்ட்சரில் இறங்கும்போது பொழுது சாய்ந்திருந்தது. வடக்கே போகும் பயணிகள் ரயில் நாளுக்கு ஒன்றுதான் என்பதால் வேறு வழியில்லை. தேடி வந்த, பழைய இயந்திரங்களைக் காட்சிக்கு வைத்திருக்கும் அமெரிக்கன் பிரிசிஷன் மியூசியம் என்ற அருங்காட்சியகம் பூட்டிக்கிடந்தது. இரவு அங்கேயே தங்கிவிட்டேன். ஒரு நீளமான கடைத்தெரு, ஊருக்குப் பின்னால் கனெக்டிகட் ஆறு, தெற்கே அஸ்கட்னி மலை. ஊர் அவ்வளவுதான்.

மில் புரூக் என்ற ஓடையை ஒட்டி நிற்கிறது அருங்காட்சியகம் இருக்கும் அந்த மூன்று மாடிச் செங்கல் கட்டடம். 1846இல் துப்பாக்கித் தொழிற்சாலையாகக் கட்டப்பட்டது. 1845இல் சாமுவேல் ராபின்ஸ், நிகனோர் கெண்டல், ரிச்சர்ட் லாரன்ஸ் ஆகிய மூவரும் அமெரிக்க அரசுக்கு 10,000 ரைஃபிள்கள் செய்துதர ஒப்பந்தம் எடுத்தார்கள். அதை நிறைவேற்றப் போதுமான தொழிற்சாலை அப்போது அவர்களிடம் இல்லை. ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் சுவரை எழுப்பினார்கள். எனக்கிருக்கும் துணிச்சலுக்கு நான் முன்பதிவு இல்லாமல் ரயில்கூட ஏறமாட்டேன்.

மறுநாள் உள்ளே நான் அதிக நேரம் நின்றது துப்பாக்கிகளுக்கு முன்னால் அல்ல, அவற்றைச் செய்த இயந்திரங்களுக்கு முன்னால். பழைய முறையில் கொல்லர் ஒவ்வொரு பாகத்தையும் அரத்தால் ராவி, பக்கத்துப் பாகத்தோடு பொருந்தும்வரை தேய்ப்பார். அந்தத் துப்பாக்கியின் விசையைக் கழற்றி இன்னொன்றில் மாட்டினால் உட்காராது. இங்கே அந்த வேலையை மில்லிங் இயந்திரம் செய்தது. இரும்புத் துண்டை ஒரு பிடிப்பானில் இறுக்கிவிட்டால், சுழலும் வெட்டுப்பற்கள் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், ஒரே ஆழத்துக்குச் சீவும். சீவியதை அளவுமானியில் வைத்துப் பார்ப்பார்கள், பொருந்தாதது தள்ளுபடி. கைத்திறன் தொழிலாளியின் விரலிலிருந்து இயந்திரத்துக்குள் குடிபெயர்ந்த இடங்களில் இதுவும் ஒன்று. அது எனக்கு மகிழ்ச்சியா, வருத்தமா என்று அங்கே நின்றபோது சொல்லத் தெரியவில்லை.

1851இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் நடந்த உலகத் தொழில் கண்காட்சிக்கு ஆறு ரைஃபிள்களை அனுப்பினார்கள். எதன் பாகத்தையும் எதிலும் பொருத்தலாம் என்பதே அவற்றின் பெருமை. ஆங்கிலேயர்கள் ஆச்சரியப்பட்டதோடு நிற்கவில்லை. நேரில் பார்த்துவர அதிகாரிகளை அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். அடுத்து என்ஃபீல்டு அரசுத் துப்பாக்கி ஆலைக்கு வேண்டிய இயந்திரங்களில் பலவற்றை இங்கிருந்தே வாங்கினார்கள். தொழிற்புரட்சி பிறந்த நாடு, வெர்மான்ட் கிராமத்தானிடம் இயந்திரம் வாங்கியது!

அந்த வெற்றியே கழுத்தைப் பிடித்தது. ரஷ்யாவோடு பிரிட்டன் மோதிய கிரிமியப் போருக்காக 25,000 என்ஃபீல்டு ரைஃபிள்கள் செய்து தருவதாகவும் ஒப்புக்கொண்டார்கள். குறித்த நாளில் கொடுக்க முடியவில்லை; தாமதத்துக்கு அபராதம் வேறு. இதற்குள் 1856இல் போரே முடிந்துவிட்டது. இன்னும் பெரிய ஆர்டர் வரும் என்று நம்பி முதலீடு செய்திருந்த நிறுவனம் திவாலானது.

கட்டடம் கைமாறியது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் மறுபடியும் துப்பாக்கி, பிறகு பருத்தி நூற்பு. இயந்திரம் செய்யும் தொழில் மட்டும் கைமாறிக் கைமாறி ஜோன்ஸ் அண்ட் லாம்சன் என்ற பெயரில் பக்கத்து ஊரான ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் போனது. வெட்டுளிகளை ஒரு சுழல்தலையில் வரிசையாகப் பொருத்தி, திருப்பித் திருப்பி வேலை வாங்கும் டர்ரெட் லேத்தில் அந்த நிறுவனம் பெயர் பெற்றது. அதை மேம்படுத்திய ஜேம்ஸ் ஹார்ட்னஸ் பின்னாளில் மாநில ஆளுநரே ஆனார். விண்மீன் பார்ப்பதிலும் அவருக்கு அப்படி ஒரு பித்து. 1966இல் எட்வின் பாட்டிசன் தொடங்கிய அருங்காட்சியகம்தான் இன்று இந்தக் கட்டடத்தில் இருக்கிறது. குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள், போகிறவர்கள் மாதத்தைப் பார்த்துக்கொண்டு போங்கள்.

ரயிலுக்கு நேரமிருந்ததால் ஆற்றுப்பக்கம் நடந்தேன். 1866இல் கட்டிய, கூரை போட்ட மரப்பாலம், 449 அடி நீளம். உள்ளே இருட்டு, குறுக்குப் பலகைகளின் சந்துகளில் மட்டும் கட்டம் கட்டமாக வெயில். குதிரையை ஓடவிடாமல் நடத்திச் செல்லாவிட்டால் இரண்டு டாலர் அபராதம் என்று முகப்பில் எழுதியிருக்கிறது. நான் நடந்தே கடந்து, அக்கரையில் பக்கத்து மாநிலமான நியூ ஹாம்ப்ஷயர் மண்ணை மிதித்துவிட்டு, ரயிலைப் பிடிக்கத் திரும்பினேன்.