ஒன்பதாம் நம்பர் பெட்: ஆஸ்பத்திரிக்குள் படம் எடுத்து மீண்ட கதை

சென்சார் சான்றிதழ் போன வாரம்தான் கைக்கு வந்தது. யூஏ 16+, அதாவது பதினாறு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பெற்றோர் துணையோடு பார்க்கலாம். 52 நிமிடப் படம். கதையை எழுத மூன்று வாரம் ஆனது. அதைப் படமாக்க ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கி முடிக்க ஏழு மாதம். மதுரையில் ஆஸ்பத்திரிக்குள் கேமராவோடு நுழைய நினைக்கிறவர்களுக்காக, எங்கெங்கே அடி வாங்கினோம் என்பதை மட்டும் எழுதுகிறேன். லைட், லென்ஸ் சமாச்சாரமெல்லாம் உங்களுக்கே தெரியும்.

கதை இவ்வளவுதான். மூடிக் கிடக்கும் இரண்டாவது மாடி வார்டில், ஒன்பதாம் நம்பர் பெட்டிலிருந்து நள்ளிரவில் காலிங் பெல் அடிக்கிறது. பெட்டில் யாரும் இல்லை. கீழே நைட் டூட்டி பார்க்கும் நர்ஸ் ஒருத்திக்கு மட்டும் அது கேட்கிறது. நிஜமாகவே அடிக்கிறதா, அவளுக்குள் அடிக்கிறதா என்பதுதான் படம்.

வைகைக்கு வடக்கே ஒரு பழைய நர்சிங் ஹோம் அமைந்தது. தரைத்தளமும் முதல் மாடியும் ஓடிக்கொண்டிருந்தன. இரண்டாவது மாடி பூட்டிக் கிடந்தது. எங்கள் கதைக்கென்றே கட்டியது போல இருந்தது. நடத்தும் டாக்டரிடம் போய்க் கேட்டோம். "தாராளமா எடுங்க தம்பி, நானும் காலேஜ்ல நாடகம் போட்டவன்தான்" என்றார். அந்த ஒரு வார்த்தையை நம்பித் தேதி குறித்தேன். முதல் தப்பு அதுதான்.

குறித்த நாள் மாலை வண்டியிலிருந்து பெட்டிகளை இறக்கும்போது மேனேஜர் வந்து நின்றார். "டாக்டர் சொல்லியிருப்பாரு. லெட்டர் இருக்கா?" டாக்டருக்குப் போன் போட்டால், "அவரு சொல்றபடி கேட்டுக்கங்க தம்பி" என்று வைத்துவிட்டார். பிறகுதான் விஷயம் தெரிந்தது. கட்டடம் லீசுக்கு எடுத்தது. ஆஸ்பத்திரி தவிர வேறு எதற்குப் பயன்படுத்தினாலும் உரிமையாளர் எழுத்தில் சம்மதம் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறதாம். கேமரா வாடகை ஒரு நாளைக்கு 14,000. அன்றைக்கு ஒரு ஷாட் கூட எடுக்காமல் பெட்டிகளைத் திரும்ப ஏற்றினோம். மேனேஜர் மேல் அப்போது வந்த கோபம் இப்போது இல்லை. முதல் நாளே அவரிடம் போயிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார். "சரி" என்று சொல்லக்கூடியவரை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். "முடியாது" என்று சொல்லக்கூடியவர் யார் என்று விசாரித்து, அவர் வீட்டு வாசலில் முதலில் நில்லுங்கள்.

உரிமையாளர் காரைக்குடியில் இருக்கிற ஓர் ஆச்சி. மாட்டுத்தாவணியில் பஸ் ஏறிப் போனால், ஆச்சி தேவகோட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். போக வர 180 கிலோமீட்டர் வீண். போன் பண்ணிவிட்டுப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். பண்ணினேன். எடுத்தவர் "வாங்க வாங்க" என்றார். யார் இருப்பார்கள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இரண்டாவது முறை ஆச்சி இருந்தார். காப்பி கொடுத்துவிட்டு முதல் கேள்வியே, "பேய்ப் படமா தம்பி?"

"இல்ல ஆச்சி. மனசு சம்பந்தப்பட்டது."

"மனசுன்னா? பைத்தியமா?"

"அந்தப் பொண்ணுக்குத் தூக்கம் இல்ல ஆச்சி. நைட் டூட்டி. அதனால..."

"அதைச் சொல்லு. எனக்கும் தூக்கம் இல்லதான்."

கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு நிபந்தனை வைத்தார். கட்டடத்தின் முகப்பு, பெயர்ப்பலகை எதுவும் படத்தில் தெரியக் கூடாது. நாளைக்கு யாராவது பேய் பங்களா என்று பேர் வைத்துவிட்டால் யார் வாடகைக்கு வருவார்? நியாயம்தான். கடிதத்திலேயே அந்த வரியைச் சேர்த்து, தேதிகளையும் எழுதி, மூன்று பிரதி எடுத்துக்கொண்டேன். அந்தக் கடிதத்தைக் காட்டியதும் மேனேஜர் பத்து நிமிடத்தில் முத்திரை போட்டார்.

அடுத்தது தெருவில் ஓர் ஆம்புலன்ஸ் ஷாட். இரவில் ரோட்டில் எடுப்பதால் ஓர் அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. எந்த அலுவலகம் என்று எழுதப் போவதில்லை. முதல் நாள் போனபோது சாப்பாட்டு நேரம். இரண்டாம் நாள் அதைப் பார்க்கிற சீட்டில் இருப்பவர் லீவு. மூன்றாம் நாள் இருந்தார். கதைச் சுருக்கத்தைப் புரட்டிவிட்டு, "தமிழ்ல இருக்கே, மேல அனுப்பணும், இங்கிலீஷ்ல குடுங்க" என்றார். நான்காம் நாள் இங்கிலீஷில் கொண்டுபோனேன். "நான் தமிழ்லதானே கேட்டேன்?" என்றார். முகத்தில் கொஞ்சம்கூடச் சிரிப்பில்லை. எனக்கே ஒரு நிமிடம் சந்தேகம் வந்துவிட்டது. என் படத்து நர்ஸ் மாதிரி, இவர் சொன்னது எனக்கு மட்டும்தான் கேட்டதோ என்று.

பக்கத்து சீட்டில் இருந்த அம்மாதான் காப்பாற்றினார். கையில் கொடுத்துக்கொண்டே இருக்காதீர்கள், கீழே தபால் பிரிவில் கொடுத்து இன்னொரு பிரதியில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். தமிழ், இங்கிலீஷ் இரண்டையும் சேர்த்துப் பின் அடித்து அப்படியே செய்தேன். ஒன்பதாம் நாள் அனுமதி வந்தது, சைரன் போடக் கூடாது என்ற நிபந்தனையோடு. சைரனை எடிட்டிங்கில் போட்டுக்கொண்டோம். நீங்கள் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதல் நாளே தபால் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

இதற்கு நடுவே ஸ்கிரிப்டை ஒரு மனநல மருத்துவரிடம் காட்டினோம். சும்மா ஒரு பார்வை பார்த்துத் தருவார் என்று நினைத்தேன். பதினாறாம் பக்கத்தில் நிறுத்திவிட்டார். அங்கே ஒரு மின்அதிர்ச்சிக் காட்சி இருந்தது. கை கால் கட்டியிருக்கும், நோயாளி கத்துவாள், உடம்பு வில்லாக வளையும். "இது எந்த வருஷத்து ஆஸ்பத்திரி?" என்று கேட்டார். "இந்த வருஷம்தான் சார்" என்றேன்.

"அப்ப உங்க டாக்டர் ஜெயிலுக்குப் போகணும்."

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அடுத்த வருடம் மே மாதம் அமலுக்கு வந்ததிலிருந்து, மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் அந்தச் சிகிச்சை கொடுப்பது தடை. நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதும் தடை. முறைப்படி கொடுக்கும்போது நோயாளி தூங்கிக்கொண்டிருப்பார், வாயில் பல்லுக்கும் நாக்குக்கும் பாதுகாப்பாக ஒரு கட்டை இருக்கும், வெளியே தெரிவது பெரும்பாலும் கால் விரல்களின் துடிப்புதான், அதுவும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும் என்றார். நாங்கள் எழுதியிருந்தது பழைய படங்களைப் பார்த்து எழுதியது. சங்கிலி என்ற சொல் வந்ததும் அவர் ஏர்வாடியைப் பற்றிப் பேசினார். 2001 ஆகஸ்ட் 6 விடிகாலை. கீற்றுக் கொட்டகையில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகளால், தீப்பிடித்தபோது ஓட முடியவில்லை. 28 பேர். இராமநாதபுரம் பக்கம்தான், நமக்கு ஒன்றும் தூரமில்லை. சங்கிலியை ஒரு த்ரில்லுக்காக எழுதியிருந்த எனக்கு அதற்கு மேல் பேச்சு வரவில்லை.

காட்சியை மாற்றினோம். இப்போது படத்தில் இருப்பது போர்வைக்கு வெளியே தெரியும் இரண்டு பாதங்கள், துடிக்கும் விரல்கள், சுவர்க் கடிகாரம். யாரும் கத்தவில்லை. பார்த்தவர்கள் எல்லோரும் அந்தக் காட்சியைத்தான் சொல்கிறார்கள்.

ஷூட்டிங் ஐந்து இரவு என்று போட்டோம், ஏழு ஆனது. ஓர் இரவு போனதற்கு ஆடி மாதம் காரணம். தெருமுனை அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள், ஸ்பீக்கர் சரியாக எங்கள் ஜன்னலைப் பார்த்துக் கட்டியிருக்கிறது. மதுரையில் ஆடியில் நிசப்தமான காட்சி எடுக்கக் கிளம்பியது யார் தப்பு? என் தப்புதான். நேரடி ஒலிப்பதிவு என்றால் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டுத் தேதி குறியுங்கள்.

இன்னோர் இரவு போனது பெல்லால். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

மாடி பூட்டிக் கிடந்து பல வருடம் ஆகிவிட்டதால், பெட் பக்கத்தில் தொங்கும் பெல் ஸ்விட்ச் செத்துப்போயிருக்கும் என்று நினைத்தோம். ஆர்ட் பையன் அதைத் துடைத்து, ஒன்பதாம் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டினான். இரவு இரண்டு மணி இருக்கும். வார்டின் விளக்குகளையெல்லாம் அணைத்துவிட்டு, ஒரு விரல் அந்த ஸ்விட்சை அழுத்துகிற குளோசப்பை நாலைந்து முறை எடுத்தோம். பெல் சத்தத்தைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று இருந்தோம்.

அது சாகவில்லை. வயர் தரைத்தளத்து நர்ஸ் ஸ்டேஷன் வரைக்கும் உயிரோடு இருந்திருக்கிறது. நாங்கள் அழுத்தின ஒவ்வொரு முறையும் கீழே போர்டில் இரண்டாவது மாடி விளக்கு எரிந்து பெல் அடித்திருக்கிறது. அன்றைக்குத்தான் டூட்டிக்கு மாறி வந்த சிஸ்டருக்கு மேலே ஷூட்டிங் நடப்பதை யாரும் சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை. பூட்டிக் கிடக்கும் மாடியிலிருந்து பெல் அடிக்கிறது, அவர் தனியாகப் படியேறி வந்தார்.

கதவு திறந்தது. டார்ச் வெளிச்சம். ஒரு கையில் பிபி மெஷின். எங்கள் எல்லோரையும் பார்த்துவிட்டு அவர் கேட்டது, "யாருக்கு என்ன?"

விளக்கைப் போட்டு விவரம் சொன்னதும் பிடித்தார் பாருங்கள் ஒரு பிடி. "கீழ ரெண்டு ஆபரேஷன் கேஸ் இருக்கு. அவங்களை விட்டுட்டு ஓடி வர்றேன். உங்களுக்கு விளையாட்டா இருக்காண்ணே?" வாங்கிக் கட்டிக்கொண்டேன். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அன்றைக்குப் பேக்கப். மறுநாள் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வயரைக் கழற்றினோம். டூட்டி மாறுகிற ஒவ்வொரு வேளையும் கீழே போய்ச் சொல்லிவிட்டு வர ஓர் ஆளைப் போட்டோம். ஆஸ்பத்திரியில் செத்துப்போனது போலத் தெரிகிற எந்த ஸ்விட்சையும், குழாயையும் நம்பாதீர்கள்.

ஆனால் அந்தப் படியேற்றம் எங்கள் படத்தையே மாற்றியது. எங்கள் நாயகி அதுவரை நடுங்கிக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, வெறுங்கையோடு ஏறிக்கொண்டிருந்தாள். நிஜத்தில் வந்தவர் பிபி மெஷினோடு வந்தார். பயம் இருந்ததாம், பிறகு கேட்டபோது ஒத்துக்கொண்டார். "பெல் அடிச்சா போகணும்ல?" என்றார். எடுத்து வைத்திருந்த படிக்கட்டுக் காட்சிகளைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி எடுத்தோம். ஏழாவது இரவு அதற்குத்தான். கோபம் தணிந்த பிறகு சிஸ்டரே மேலே வந்து, ஆக்ஸிஜன் சிலிண்டர் முழுக்க வெள்ளை இல்லை, உடம்பு கறுப்பு, கழுத்துப் பக்கம் மட்டும் வெள்ளை என்று ஆர்ட் பையனைத் திருத்திவிட்டுப் போனார்.

கடைசியாக சென்சார். 72 நிமிடத்துக்குள் இருந்தால் குறும்படக் கணக்கு, விண்ணப்பம் ஆன்லைன்தான். யூடியூபில் போடுவதென்றால் இது தேவையில்லை. தியேட்டரில் ஒரு காட்சியாவது போட வேண்டும், தேசிய விருதுக்கு அனுப்ப வேண்டும் என்றால் சான்றிதழ் வேண்டும். பின்படிக்கட்டில் வாட்ச்மேன் பீடி பிடிக்கிற காட்சியை முன்பே டீ குடிப்பதாக மாற்றியிருந்தோம். இல்லையென்றால் தொடக்கத்திலும் நடுவிலும் புகையிலை எச்சரிக்கைப் படம், காட்சியின்போது கீழே வாசகம் என்று எல்லாம் போட வேண்டும். 52 நிமிடப் படத்தின் நடுவில் அது வந்தால் நாங்கள் கட்டின பயமெல்லாம் போச்சு.

மாட்டிக்கொண்டது பூனையிடம். மூன்றாம் இரவு, வார்டின் கோடியில் தானாக ஒரு பூனை நடந்து போனது. கேமராமேன் விடாமல் பிடித்துவிட்டார். படத்திலேயே நல்ல ஷாட் அதுதான். அதை எடிட்டிங்கில் வைத்துவிட்டு, விண்ணப்பத்தில் விலங்குகள் உண்டா என்ற இடத்தில் "இல்லை" என்று பழக்கதோஷத்தில் குறித்துவிட்டேன். படத்தைப் பார்த்தவர்கள் பூனையைப் பார்க்காமல் இருப்பார்களா? விலங்கு நல வாரியத்தின் சான்று எங்கே என்று கேட்டார்கள். அதற்குப் படப்பிடிப்புக்கு முன்பே விண்ணப்பித்திருக்க வேண்டும். தெருப் பூனை, தானாக வந்தது என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். குறை என்னுடையது, அவர்களைச் சொல்லி என்ன? சென்னையிலிருந்து பாண்டியன் எக்ஸ்பிரஸில் படுத்துக்கொண்டு வரும்போது வாடிப்பட்டி தாண்டுகிற வரைக்கும் அந்தப் பூனைதான் கண்ணில் நின்றது.

ஷாட்டை வெட்டினோம். காலி வராந்தா மட்டும் இருக்கிறது, அதன் மேல் ஒரு பூனைச் சத்தம். நாயகி திரும்பிப் பார்க்கிறாள், ஒன்றும் இல்லை. முன்பை விட இது நன்றாக இருக்கிறது என்று எடிட்டர் சத்தியம் பண்ணுகிறான். எனக்கு மனசு ஆறவில்லை.

ஆச்சிக்கு லிங்க் அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் போன் வந்தது. "என்ன தம்பி, நம்ம கட்டடம் எங்கயுமே தெரியலயே?"

நர்சிங் ஹோமில் கட்டின முன்பணத்தில் இன்னும் 2,000 ரூபாய் வர வேண்டியிருக்கிறது. பெல் வயரை நாங்கள் அறுத்துவிட்டோமாம். நாங்கள் கழற்றி மாட்டினோம், அவ்வளவுதான். அறுத்தது எலி. பூனை வேறு எதற்கு அங்கே வந்தது என்று மேனேஜரிடம் கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை.