பாய் உறைகளும் கிணற்று நீரும்

ஊர்காவற்றுறைப் பக்கத்துக் கரைகளில் நிற்கும் பாய்மரப் படகுகளின் கித்தான் உறைகளைக் கழுவி, தைத்து, பேணுவது என் தொழில். சுருட்டிய பாயின் மேல் போர்த்தும் உறையையும், பின்தளத்துக்கு நிழல் தரும் கூரைத்துணியையும் எந்தச் சவர்க்காரத்தால் கழுவலாம் என்றே படகுக்காரர்கள் கேட்கிறார்கள். எந்தத் தண்ணீரில் அலம்புவது என்று கேட்பவர்கள் அரிது. யாழ்ப்பாணத்தில் முதலில் கேட்க வேண்டியது அதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

வல்வெட்டித்துறையில் கட்டப்பட்டு, 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தைச் சென்றடைந்த அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் ஓடிய காலத்தில், இங்கே கித்தான் பெரும்பாலும் பருத்தியாகவே இருந்தது. ஈரத்தோடு மடித்து வைத்தால் அது உக்கிவிடும் என்பதால், உலர்த்துவதில் யாரும் அசட்டையாக இருக்க முடியாது. இன்று உறைகளுக்குப் பயன்படும் அக்கிறிலிக் என்ற செயற்கை இழைத் துணி உக்குவதில்லை; நூலிழை உருவாகும்போதே சாயமும் அதனுள் கலக்கப்படுவதால் எளிதில் வெளிறுவதும் இல்லை. இந்த உறுதியை நம்பித்தான் பலர் அதைக் கவனியாமல் விடுகிறார்கள். பூஞ்சணம் அக்கிறிலிக்கைத் தின்னாது என்றாலும், துணியில் படிந்த அழுக்கையும் பறவை எச்சத்தையும் தின்று வளரும். சோளகம் எனும் தென்மேற்குக் காற்று அள்ளிவந்து சேர்க்கும் உப்போ, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித் துணியை இரவு முழுவதும் நசநசவென்று வைத்திருக்கும்.

ஆகவே உப்பை வெளியேற்றுவதே வேலையின் பெரும்பகுதி. அதற்கு நாம் நம்பியிருக்கும் கிணறோ சுண்ணக்கல் நிலத்தில் உள்ளது. குடாநாட்டின் நன்னீர், கடல்நீரின் மேல் மெல்லிய வில்லைபோல மிதந்து நிற்பதால், கரையோரக் கிணறுகள் கோடையில் சவராகிவிடுகின்றன. சவராகாத கிணற்றிலும் சுண்ணாம்பு மிகுதி. அந்தக் கடின நீரில் சவர்க்காரம் நுரைக்காமல் திரிந்து, பிசுபிசுத்த படலமாக இழைகளுக்குள் தங்குகிறது. அந்தப் படலம் துணியின் நீர்விலக்கும் தன்மையைக் கெடுப்பதோடு, அடுத்த அழுக்கையும் பிடித்து வைக்கிறது. வாடை எனும் வடகிழக்குக் காற்றோடு வரும் மழையைக் கூரையிலிருந்து தொட்டியில் பிடித்து, தை மாதத்து வெயிலில் பெருங்கழுவலை வைத்துக்கொள்வதே என் வழக்கம். சோளக மாதங்களில் நல்ல தண்ணீரால் அடிக்கடி அலம்புவதோடு நிறுத்திக்கொள்கிறேன். தொழில் பழகிய காலத்தில் கரையிலிருந்த பெரியவர் ஒருவர், "தம்பி, வடியிற தண்ணியை நாக்கில வைச்சுப் பார், கரிச்சால் இன்னும் அலம்பு" என்றார். அதைவிட நம்பகமான சோதனையை நான் இன்னும் அறியவில்லை.

கழுவும்போது சூடாக்காத நீரும், மென்மையான சவர்க்காரமும், மென்மயிர்த் தூரிகையும் போதும். தும்புத் தூரிகை இழைகளைத் தேய்த்துவிடும். பூஞ்சணக் கறை பிடித்திருந்தால், ஏறத்தாழ 4 லீற்றர் நீருக்கு ஒரு கோப்பை குளோரீன் வெளிற்றித் திரவமும் கால் கோப்பை சவர்க்காரமும் கலந்து, 15 நிமிடம் ஊறவிட்டு, பலமுறை அலம்ப வேண்டும். சாயம் இழைக்குள்ளேயே இருக்கும் அக்கிறிலிக்குக்கு மட்டுமே இது பொருந்தும். பருத்திக்கும் கண்ணாடிபோன்ற பிளாஸ்ரிக் சாளரங்களுக்கும் ஆகாது. கடின நீர் விட்டுச்செல்லும் வெண்திட்டுகளை நீர் சேர்த்த வினாகிரி கரைத்துவிடும். ஆனால் வெளிற்றித் திரவமும் வினாகிரியும் ஒருபோதும் ஒன்றாகச் சேரக் கூடாது. அவை கலந்தால் மூச்சை அடைக்கும் குளோரீன் வாயு பிறக்கும் என்பதை என்னிடம் வேலை பழகும் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிவிடுகிறேன்.

உலர்த்தும் இயந்திரம் வேண்டாம், நிழற்காற்றே போதும். முற்றாகக் காய்ந்த துணியில் நீர் தெளித்துப் பார்த்து, துளிகள் உருண்டு நிற்காமல் ஊறினால், நீர்விலக்கித் திரவத்தை இருமுறை மெல்லிதாகத் தெளித்துக் காயவிடுகிறேன்.

நமது வெயிலில் துணிக்கு முன்பே தேய்ந்துபோவது தையல்தான். பொலியெஸ்ரர் நூலைச் சூரியனின் புறஊதாக் கதிர் நைந்துபோகச் செய்கிறது. நகத்தால் கீறும்போது நூல் அறுந்தால், அடுத்த காற்றில் மூட்டு முழுவதும் பிரியும். அதற்கு முன்பே அந்த வரியைப் பழைய ஊசித் துளைகளின் வழியாகவே மறுபடி தைக்க வேண்டும். புதிய துளைகள் இட்டால் அவற்றின் வழியே மழை ஒழுகும். உறைகளைப் பூட்டும் சிப்புகளில் (zip) உறைந்த உப்பை நல்ல தண்ணீரால் கரைத்துக் காயவைத்த பின், பற்களில் மெழுகு தேய்த்து இருமுறை இழுத்துவிடுகிறேன். உப்போடு இழுத்தால் பற்கள் உடைந்து, சிப்பு முழுவதையும் மாற்ற நேரும்.