தளோஜாவில் கன்சென்ட் புதுப்பித்தபோது: உரிக்கும் மேசையிலிருந்து கழிவுநீர்க் குழி வரை

நவி மும்பை தளோஜா எம்.ஐ.டி.சி. தொழிற்பேட்டையில் இறாலும் கணவாயும் பதப்படுத்தும் ஆலை ஒன்றுக்கு, மகாராஷ்டிர மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கன்சென்ட்டை (ஆலையை நடத்த வாரியம் தரும் இசைவு) புதுப்பித்து முடித்தோம். ஆன்லைன் விண்ணப்பமும் கட்டணமும் சின்ன வேலை. மாதிரி எடுக்க வரும் நாளில் தண்ணீர் தேற வேண்டும், பாடெல்லாம் அதற்குத்தான். அந்தத் தண்ணீர் போகிற வழியில்தான் ஆட்களும் நிற்கிறார்கள் என்பதால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறோம்.

முதலில் கன்சென்ட் தாளில் உங்களுக்குப் போட்டிருக்கும் அளவுகளைப் பாருங்கள். நீர்நிலையில் விடுவதற்கான பொது அளவு லிட்டருக்கு பி.ஓ.டி. (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்) 30, சி.ஓ.டி. (வேதிமுறையில் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்) 250, டி.எஸ்.எஸ். (மிதக்கும் திடத்துகள்) 100, எண்ணெய் 10 மில்லிகிராம். பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்புகிறவர்களுக்கு வேறு அளவு இருக்கும். இங்கே பி.ஓ.டி. என்பது 27 டிகிரியில் 3 நாள் சோதனை. 20 டிகிரியில் 5 நாள் வைத்த ரிப்போர்ட்டோடு ஒப்பிடாதீர்கள்.

பாதி வேலை உரிக்கும் மேசையிலேயே முடிந்துவிடும். குடலையும் ஓட்டையும் ஹோஸ் வைத்து வடிகாலில் அடித்துத் தள்ளுவதுதான் எங்கும் பழக்கம். தண்ணீரில் ஊறும் ஒவ்வொரு நிமிடமும் ரத்தமும் புரதமும் கரைகின்றன. கரைந்ததை எந்த ஸ்கிரீனும் பிடிக்காது. மேசைக்கடியில் கூடை, தரைக்கு ரப்பர் வைப்பர், வடிகால் வாயில் சல்லடை. வழித்து அள்ளிய பிறகுதான் தண்ணீர். இதில் இன்னொரு நன்மை: பிரஷர் ஹோஸ் கிளப்பும் நீர்த்துளிப் புகையில் இறால் புரதம் கலந்திருக்கும். அதை நாள்தோறும் சுவாசிக்கிற அக்காக்களுக்குத்தான் இழுப்பு வருகிறது. அழுத்தம் குறைந்தால் அதுவும் குறையும்.

அடுத்தது ஹைப்போ, அதாவது கிருமி நீக்கப் போடும் சோடியம் ஹைப்போகுளோரைட். 10 சதவீத ஹைப்போ 100 மில்லியை 100 லிட்டர் நீரில் கலந்தால் 100 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 100 பங்கு). வெயிலில் வைத்த கேன் வீரியம் இழந்துவிடும். டெஸ்ட் ஸ்ட்ரிப் போட்டுப் பாருங்கள். ராத்திரி ஷிப்டில் குத்துமதிப்பாக வாளி வாளியாக ஊற்றினால் காலையில் ஏரேஷன் டேங்கில் (கழிவுநீருக்குக் காற்று ஊட்டும் தொட்டி) வெள்ளை நுரை, வெளியேறும் தண்ணீரில் கலங்கல். கழிவைத் தின்னும் பாக்டீரியா செத்துவிட்டது என்று பொருள். மறுபடி தேற வாரங்கள் ஆகலாம். உப்புக்கறை எடுக்கும் ஆசிட்டை ஹைப்போவோடு ஒரே அறையில் வைக்கவே கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு. இறால் கருக்காமலிருக்கப் போடும் மெட்டாபைசல்பைட்டில் ஆசிட் பட்டால் கந்தக டை ஆக்சைடு வரும்.

ஏரேஷன் டேங்கில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராம் நிற்க வேண்டும். யூரியா போடச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். மீன் கழிவுநீரில் நைட்ரஜன் ஏற்கெனவே மிச்சம். யூரியா போட்டால் அம்மோனியா அளவு தாண்டும். அம்மோனியா நைட்ரேட்டாக மாறும்போது ஒவ்வொரு மில்லிகிராம் நைட்ரஜனுக்கும் சுமார் 7 மில்லிகிராம் காரத்தன்மை செலவாகிறது. பி.எச். சரிந்துகொண்டே வந்தால் காரணம் இதுதான், சுண்ணாம்பு கொடுங்கள்.

ஆலைக்காரர் முன்னிலையில் வாரியம் எடுக்கும் ஜே.வி.எஸ். மாதிரியின்போதே, அதே இடத்தில் நீங்களும் ஒன்று எடுத்து அங்கீகாரம் பெற்ற லேபுக்கு அனுப்புங்கள். எண்ணெய்க்கு அகல வாய்க் கண்ணாடி பாட்டில், ஆசிட் விட்டு பி.எச். 2க்குக் கீழே. பி.ஓ.டி. பாட்டிலில் ஆசிட் கூடாது, ஐஸ் மட்டும்.

குளிரூட்டும் அம்மோனியா கம்ப்ரசர் பற்றி ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறோம். எண்ணெய் வடிக்கும்போதுதான் விபத்து அதிகம். கையை எடுத்தால் தானே மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் வால்வு அங்கே கட்டாயம். கசிவை அடக்கத் தெளித்த தண்ணீரை ஈ.டி.பி.க்குள் (ஆலையின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு அமைப்பு) விடாதீர்கள்.

எல்லாவற்றையும்விட அஞ்ச வேண்டியது சேகரிப்புக் குழி. ஒருநாள் லீவு விட்டாலே காற்றில்லாத கழிவில் ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகிவிடும். வண்டலைக் கலக்கினால் குபீரென்று கிளம்பும். 100 பி.பி.எம். அளவிலேயே மூக்கு மரத்துப்போய், அழுகிய முட்டை நாற்றம் தெரியாமலாகிவிடும். நாற்றம் இல்லை என்று இறங்கியவர் விழுவார், தூக்கப் போனவரும் விழுவார். முகத்தில் துணி கட்டுவதால் ஒரு பயனும் இல்லை. 2025 நவம்பர் வரை நடப்பிலிருந்த தொழிற்சாலைகள் சட்டம் 1948, பிரிவு 36 தெளிவாகச் சொன்னது: சோதித்துப் பார்த்த தகுதியுள்ளவரின் எழுத்துச் சான்று வேண்டும், இல்லையேல் சுவாசக் கருவியும், மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்கும் கயிறு கட்டிய பெல்ட்டும் வேண்டும். நாங்கள் இரண்டையும் சேர்த்தே கேட்கிறோம்.

ஆள் இறங்குவதே பெரும்பாலும் பம்ப் அடைப்புக்குத்தான். இறால் மீசையும் ஓடும் இம்பெல்லரில் (பம்பின் சுழலும் இறக்கை) சுற்றிக்கொள்ளும். பம்பை கைடு ரெயிலில் ஏற்றிச் சங்கிலி போட்டால் மேலே நின்றே இழுத்துவிடலாம். ஸ்டாண்ட்பை பம்பும் வேண்டும். குழி வாயில் மராத்தி, இந்தியோடு தமிழிலும் பலகை வையுங்கள்; தூத்துக்குடி, குமரிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் படிக்க வேண்டும். சங்கிலியை மாதம் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். துருவேறி அது அறுந்த அன்று யாராவது குழிக்குள் இறங்கத்தான் பார்ப்பார்கள்.