மாலத்தீவிலயும் ஒரு மூலம் இருக்கு

மார்கழி பொறந்தும் இங்க மன்னார்குடி பக்கம் மழை விடல. சம்பா பால் பிடிக்கிற நேரம், அப்பா வடிகால்ல கிடந்த ஆகாயத்தாமரைய இழுத்துப் போட்டுட்டு சேத்துக்காலோட திண்ணையில வந்து உக்காந்தாரு, அப்பதான் தம்பி மாலத்தீவுலேர்ந்து வீடியோ கால் பண்ணான். பின்னாடி பளீர்னு வெயில், காத்துல சட்டை படபடன்னு அடிக்குது.

"இங்க மழைக்காலம் முடிஞ்சிருச்சுப்பா, இனிமே சித்திரை வரைக்கும் காய்ஞ்ச காலம்தான்"னான்.

அதே வடகிழக்கு காத்துதான், ஆனா நமக்கு மழைய கொட்டுற காத்து அவங்களுக்கு வறண்ட காலம், பேரு இருவை. தென்மேற்கு காத்து அடிக்கிற ஹுளங்குதான் அவங்க மழைக்காலம். வெயிலோ குளிரோ பெருசா மாறாது, வருஷம் பூரா 25லேர்ந்து 31 டிகிரிக்குள்ளதான், காத்து திரும்புறத வச்சுதான் காலமே. ஆறு கிடையாது, கூரைத் தண்ணிய டேங்க்ல பிடிச்சு வச்சுதான் பல தீவுல குடிச்சிருக்காங்க.

அதவிட என்னை அசத்துனது, அங்கயும் பழைய மீன்பிடிக்காரங்க வருஷத்த 27 நட்சத்திரமா பிரிச்சு, ஒவ்வொண்ணுக்கும் 13, 14 நாள் கணக்கு வச்சிருக்காங்களாம். கெதின்னா நம்ம கார்த்திகை, ரோனுன்னா ரோகிணி. இருவை தொடங்குறது டிசம்பர் 10 வாக்குல, அந்த நட்சத்திரம் பேரு மூலா, கடல் கொந்தளிக்குமாம்.

அப்பா நிமிர்ந்து உக்காந்துட்டாரு. "மார்கழி பொறந்தா சூரியன் மூலத்துலதான்டா நிக்கும், அடுத்தது பூராடம், கர்ப்போட்டம் பாக்கணும்"னாரு. மார்கழி மேகம் ஓடுறத வச்சு அடுத்த வருஷ மழைய கணிக்கிறதுதான் கர்ப்போட்டம். தம்பிகிட்ட மேகம் எந்தப் பக்கம் ஓடுதுன்னு கேட்டாரு, அவன் போனை அப்படியே வானத்துக்குத் திருப்பிக் காட்டுனான்.