மேத்ஸ் 29

மே 8, 2025
ப்ளஸ் டூ ரிசல்ட் வந்துருச்சு. மத்த எல்லாத்துலயும் பாஸ், மேத்ஸ் மட்டும் 29. அம்மா ஒண்ணும் கேக்கல. அத்தை தான் போன் போட்டு ஆறுதல் சொல்றேன்னு ஆரம்பிச்சு அவங்க பையன் மார்க்க பத்தியே பேசிட்டு வச்சாங்க.

மே 16
துணைத்தேர்வுக்கு ஸ்கூல்ல போய் அப்ளை பண்ணியாச்சு, அப்படியே ஆன்சர் ஷீட் ஸ்கேன் காப்பிக்கும். ராத்திரி பூரா மோட்டிவேஷன் வீடியோ. ஃபெயில் ஆனவன்தான் பெரியாளா வருவானாம்ல, சரிண்ணே, இன்டெக்ரேஷன் எப்படி போடுறது, அத சொல்லுங்க.

ஜூன் 2
ஸ்கேன் காப்பிய பாத்தேன். திறக்கவே கை வரல. இன்டர்னல்ல 10க்கு 10 போட்ருக்காங்க, அப்ப தியரில 90க்கு வெறும் 19. தியரில 25 எடுத்தாலே பாஸ், ஆறு மார்க் தான் இடிக்குது! ஒன் மார்க் இருபதுல நாலு கேள்விக்கு ஆப்ஷனே எழுதல, தப்பா எழுதுனா கூட மைனஸ் கிடையாதுடா டேய். அஞ்சு மார்க் ட்ரூத் டேபிள், கட்டம் அழகா ஸ்கேல் வச்சு போட்டு மூணு காலம் (column) ரொப்பிட்டு நாலாவது காலியா கெடக்கு, பக்கத்துல டீச்சரோட சிவப்பு கோடு. இத பாத்ததும் வந்த கடுப்புல அப்பவே நோட்ட எடுத்து உக்காந்தேன், எந்த வீடியோவும் பண்ணாத வேலைய இந்த காலி காலம் பண்ணிருச்சு.

ஜூன் 10
டிஸ்க்ரீட் மேத்ஸ் முடிஞ்சுது, அந்த ட்ரூத் டேபிள் வர்ற பாடம்தான். முன்னாடி உண்மை, பின்னாடி பொய், அப்ப மட்டும்தான் 'எனில்' போட்டு சேர்த்த வாக்கியம் பொய்யாகும், இவ்ளோதான் மேட்டர். இதுக்கா பயந்தேன்! மேட்ரிக்ஸ்ல கிராமர் (Cramer) ரூல் வருது. புக் பேக் ஒன் மார்க் தினம் ஒரு பாடம், தம்பி ஆன்சர வச்சுகிட்டு கேப்பான், தப்பா சொன்னா அவனுக்கு ஒரு சிரிப்பு.

ஜூன் 19
இன்னைக்கு ஒண்ணுமே ஓடல, மதியம் தூங்கிட்டேன். துணைத்தேர்வுல பாஸானா இந்த வருஷமே இன்ஜினியரிங் துணை கவுன்சிலிங் போலாம்னு அப்பாகிட்ட சொன்னேன், "மொதல்ல பாஸாகுடா"ன்னுட்டு டீ குடிக்க போயிட்டாரு. சரிதான். பாரபோலா இன்னும் மண்டைல ஏறல, நாளைக்கு பக்கத்து வீட்டு அக்காகிட்ட கேக்கணும்.