1,700 வெள்ளி ஏன் 1 வெள்ளியாகப் பதிவானது: ஓர் இணையப் பாரத்தின் தரவுவகைச் சோதனை

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங் வட்டாரத்தில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கான கல்வி உதவிநிதிக்கு இணையத்தில் ஒரு பாரம் அமைத்தோம். முகப்பு எச்டிஎம்எல், ஜாவாஸ்கிரிப்ட். பின்னால் பிஎச்பி நிரலும் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளமும். மாதக் கட்டணம் குறைவான, பலர் பகிர்ந்துகொள்ளும் வழங்கி (சர்வர்). பெற்றோர் பலர் வேலை முடிந்து வந்து கைத்தொலைபேசியில் நிரப்புவார்கள்; மற்றவர்களுக்குக் கோயில் மண்டபத்தில் இளைஞர்கள் உட்கார்ந்து தட்டிக் கொடுப்பார்கள். ஆகவே உள்ளே வருவது ஒரே அச்சில் இருக்காது.

முதல் சுற்றில் செய்த பெரிய தப்பு, இலக்கங்களாகத் தெரிந்ததையெல்லாம் எண் என்று எடுத்துக்கொண்டது. ஐசி (அடையாள அட்டை எண்), போஸ்கோட் (அஞ்சல் குறியீடு), கைத்தொலைபேசி, வங்கிக் கணக்கு, வீட்டு எண், வருமானம், பிள்ளைகள் எத்தனை பேர் என ஏழு பெட்டிகளுக்கும் எண் வகை. ஒவ்வொரு பெட்டிக்கும் கேட்டிருக்க வேண்டியது ஒன்றுதான்: இதைக் கூட்டிக் கழிப்போமா? இரண்டு பேருடைய ஐசி நம்பரைக் கூட்டி யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை. அப்படிப் பார்த்தால் வருமானமும் பிள்ளைகளின் எண்ணிக்கையும்தான் எண்கள். மற்ற ஐந்தும் இலக்கங்களால் ஆன சரங்கள், அதாவது கணினி எழுத்துத் தொடராக வைத்துக்கொள்ளும் உரை. வீட்டு எண் அதுகூட இல்லை. பழைய லயங்களில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) ‘12பி’ என்றே கதவில் எழுதியிருக்கும்.

போஸ்கோட்டில்தான் முதலில் பிடிபட்டது. பீடோங் 08100, சுங்கைப்பட்டாணி 08000, கூலிம் 09000. எண்ணாகச் சேமித்தால் முன்னால் நிற்கும் பூஜ்யம் விழுந்து 8100, 8000, 9000 ஆகிவிடும். தெலுக் இந்தானின் 36000த்தை வைத்துச் சோதித்தால் இந்தப் பிழை தெரியவே தெரியாது. வேறு மாநிலத்து முகவரிகளை வைத்துச் சோதித்த மாதிரிப் பாரத்தைக் கெடாவுக்கும் பெர்லிசுக்கும் கொண்டுவருகிறவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தரவுத்தளத்தில் ஐந்து எழுத்து நீளமுள்ள சரப் பத்தியாக (அட்டவணையின் நெடுவரிசையாக) மாற்றினோம், அத்தோடு தீர்ந்தது.

ஐசியில் அடி கொஞ்சம் பலம். 12 இலக்கம்: முதல் ஆறு பிறந்த ஆண்டு, மாதம், நாள், அடுத்த இரண்டு பிறந்த இடத்தின் குறி, மிச்சம் நான்கு வரிசை எண். 2000 முதல் 2009 வரை பிறந்தவர்களுக்கு எண் பூஜ்யத்தில் தொடங்கும். இடைநிலைப்பள்ளியின் மேல்வகுப்பிலும் கல்லூரியிலும் இருக்கிற விண்ணப்பதாரர்கள் பெரும்பாலும் இவர்களே. மைஎஸ்க்யூஎல்லில் சாதாரண முழுஎண் பத்தியின் உச்சவரம்பு 2147483647. கண்டிப்பு முறை இயங்கினால் அதைத் தாண்டும் எண்ணுக்குப் பிழை காட்டி நிறுத்திவிடும். 5.7 பதிப்பிலிருந்து அதுவே இயல்பு. ஆனால் அந்த முறையை அணைத்துவைத்திருக்கும் வழங்கிகள் உண்டு. அங்கே தாண்டியவர்கள் எல்லாருக்கும் 2147483647 என்ற ஒரே ஐசி நம்பர் விழும். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு: 2000ஆம் ஆண்டில் பிறந்தவர்களின் எண் மட்டும் வரம்புக்குள் அடங்கிவிடும். பிழையும் வராது, உச்ச எண்ணும் வராது. இரண்டு மூன்று பூஜ்யங்களைத் தொலைத்துவிட்டு நல்ல பிள்ளைபோல உட்கார்ந்திருக்கும். இந்த வகைப் பிழையைத்தான் கடைசியாகக் கண்டுபிடிப்போம்.

பத்தியைச் சரமாக மாற்றிய பிறகும் எக்செல் ஒருமுறை கெடுத்தது. பட்டியலை இறக்கி இருமுறை சொடுக்கித் திறந்தால் பூஜ்யத்தில் தொடங்கும் ஐசிக்குப் பூஜ்யம் போய்விடும். மற்ற 12 இலக்க எண்களை 9.9இ+11 போன்ற அடுக்குக்குறி வடிவத்தில் காட்டும். 15 இலக்கத்துக்கு மேற்பட்ட கணக்கு எண்ணாக இருந்தால் அதற்குப் பிந்திய இலக்கங்களைப் பூஜ்யமாகவே ஆக்கிவிடும். அந்தக் கோப்பை அப்படியே சேமித்துத் திருப்பி ஏற்றினால் நல்ல தரவும் நாசம். தரவுத் தாவலில் இறக்குமதி வழியாகத் திறந்து, அந்தப் பத்திகளை உரை என்று குறித்த பிறகே தொட வேண்டும்.

முகப்பிலும் எண் வகைப் பெட்டியை ஐசிக்கு எடுத்துவிட்டோம். அது ‘இ’ என்ற ஆங்கில எழுத்தை அடுக்குக்குறியாக ஏற்கும், கழித்தல் குறியை ஏற்கும், அதிகபட்ச நீளம் என்று நாம் போடும் கட்டளையைக் கண்டுகொள்ளாது. கணினியில் சுட்டெலிச் சக்கரம் உருண்டால் சில உலாவிகளில் மதிப்பே மாறும். உரைப் பெட்டியே போதும். கூடவே உள்ளீட்டு முறையை இலக்கம் என்று குறித்தால் கைத்தொலைபேசியில் எண் விசைப்பலகை தானாக வரும். அட்டையில் இருப்பதுபோல் கோடு போட்டு எழுதுகிறவர்களைத் தடுக்கக் கூடாது. கோட்டையும் இடைவெளியையும் வழங்கியில் நாமே நீக்கி, மிஞ்சியது சரியாக 12 இலக்கமா என்று பார்த்தால் போதும். இலக்கம் என்றால் 0 முதல் 9 வரை என்று, உள்ளீட்டின் வடிவத்தைச் சோதிக்கும் வடிவக்கோவையில் (ரெஜெக்ஸ்) எழுதியே கொடுங்கள். பொது இலக்கக் குறியைப் போட்டால் பைத்தான் போன்ற மொழிகளில் தமிழ் எண் ௭-உம் உள்ளே வந்துவிடும். வடிவக்கோவையின் வரி முடிவுக் குறியிலும் கவனம் வேண்டும். பிஎச்பியில் அது கடைசியில் ஒட்டியிருக்கும் வரிமாற்றத்தையும் சேர்த்து உள்ளே விட்டுவிடும். சரத்தின் உண்மையான முடிவுக்கென்று தனிக்குறி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

அடுத்து, முதல் ஆறு இலக்கமும் உண்மையான நாளா என்று பார்க்க வேண்டும். 000229 செல்லும், 2000 நெட்டாண்டு. 010229 செல்லாது. ஆண்டுக்கு இரண்டு இலக்கமே இருப்பதால் நூற்றாண்டைப் பிறந்ததேதிப் பெட்டியிலிருந்து எடுத்தோம். பேரப்பிள்ளைக்காக விண்ணப்பிக்கும் தாத்தா பாட்டியின் ஐசியும் வருகிறது, ஊகிப்பது ஆபத்து. இடக் குறியை 01 முதல் 16 வரை என்று அடைக்காதீர்கள். ஒரே மாநிலத்துக்குக் கூடுதல் குறிகள் உண்டு, வெளிநாட்டில் பிறந்தவர்களுக்கு 71 போன்றவை வரும். கடைசி இலக்கம் ஒற்றையானால் ஆண், இரட்டையானால் பெண் என்பது பொருந்தாவிட்டால் தடுக்காமல் எச்சரிக்கை மட்டும் காட்டினோம்.

ஐசி இல்லாத பிள்ளைகளும் தோட்டப்புறத்தில் இருக்கிறார்கள். கட்டாயப் பெட்டி என்று போட்டால், உதவி மிகவும் தேவைப்படுகிறவர்கள் வாசலிலேயே திரும்பிப் போவார்கள், அல்லது பன்னிரண்டு பூஜ்யம் தட்டுவார்கள். ‘இன்னும் கிடைக்கவில்லை’ என்று ஒரு தெரிவு வைத்து, தரவுத்தளத்தில் வெற்று மதிப்பை அனுமதிக்க வேண்டும். வெற்று மதிப்பும் வெற்றுச் சரமும் ஒன்றல்ல: முன்னது மதிப்பே இல்லை என்பது, பின்னது எழுத்தே இல்லாத சரம். ஒரே மதிப்பு இருமுறை வரக்கூடாது என்ற தனித்துவக் கட்டுப்பாடு உள்ள பத்தியில் வெற்று மதிப்பு எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம். வெற்றுச் சரம் இரண்டாவது ஆளிடமே மோதும்.

இனி வருமானம். 2025 பிப்ரவரி 1 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி (மலேசிய ரிங்கிட், சுருக்கமாக ரிம). அதை மக்கள் எழுதும் விதம்: 1700, 1,700, 1 700, ரிம1700.00, 1700/-, ‘ஓட்டி சேர்த்து 1700’ (ஓட்டி என்பது கூடுதல் நேர வேலைக்கான கூலி). சரத்தை எண்ணாக்கும் பிஎச்பியின் ஃப்ளோட்வால் செயற்கூறு இடமிருந்து படிக்கும், புரியாத குறி வந்த இடத்தில் நின்றுவிடும். 1,700 என்றால் காற்புள்ளியில் நின்று 1 என்று திருப்பித் தரும். ஜாவாஸ்கிரிப்ட்டின் பார்ஸ்ஃப்ளோட்டும் அதே ஆள்தான். சத்தமே இல்லாமல் ஒரு குடும்பத்தின் மாத வருமானம் 1 வெள்ளி. தகுதிப் பட்டியலில் அந்தக் குடும்பம் தலைமேல் வந்து நிற்கும். காற்புள்ளி போடாதவர் கீழே போவார்.

ஜாவாஸ்கிரிப்ட்டின் நம்பர் செயற்கூறு கண்டிப்பானது. 1,700க்கு ‘எண் அல்ல’ என்பதைக் குறிக்கும் நேன் மதிப்பைத் தரும். ஆனால் வகையைக் கேட்டால் நேனும் தன்னை ‘எண்’ என்றே சொல்லிக்கொள்ளும், ஆகவே வகையை மட்டும் பார்க்கிற சோதனை அதை விட்டுவிடும். அதே செயற்கூறு வெற்றுச் சரத்துக்குப் பூஜ்யம் தரும். எண் வகைப் பெட்டியில் உலாவிக்குப் புரியாததைத் தட்டினால் நிரலின் கைக்கு வருவது வெற்றுச் சரம்தான். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்: பெட்டியில் ஏதோ எழுதியிருக்கும், பதிவாவது 0.

நாங்கள் இப்போது செய்வது இது. உரைப் பெட்டி. வழங்கியில் ஓரத்து இடைவெளியையும் முன்னால் உள்ள ரிம என்பதையும் நீக்குகிறோம். பிறகு முழுச் சரமும் ஒரே வடிவத்துக்குப் பொருந்த வேண்டும்: வெறும் இலக்கங்கள், அல்லது மூன்று மூன்றாகச் சரியாகப் பிரிக்கப்பட்ட காற்புள்ளி, பின்னால் விரும்பினால் ஒரு புள்ளியும் இரண்டு இலக்கமும். 1.700 என்று வந்தால் நாமாக முடிவு செய்யாமல் எழுதியவரிடமே திருப்பிக் கேட்கிறோம். அதன்பின் சென்னாக (காசாக) மாற்றி முழுஎண்ணாகச் சேமிக்கிறோம். நூறால் பெருக்குவதில்லை, 19.99ஐ நூறால் பெருக்கினால் கணினி 1998.9999999999998 என்று சொல்லும், அதை முழுஎண்ணாக்கினால் 1998, ஒரு காசு போச்சு. புள்ளியில் சரத்தைப் பிரித்து, வெள்ளிப் பகுதியையும் காசுப் பகுதியையும் தனித்தனியே முழுஎண்ணாக்கிச் சேர்க்கிறோம்.

மண்டபத்திலிருந்து வந்த முதல் புகார்: ‘அண்ணே, அந்த அக்காவுக்குச் சம்பளமே இல்ல, பூஜ்யம்னு போட்டா திரும்பத் திரும்ப நிரப்பச் சொல்லுது.’ பிஎச்பியின் எம்ப்டி சோதனைக்கு ‘0’ என்ற சரமும் காலிதான். காலியா என்று பார்க்க வெற்றுச் சரத்தோடு, வகையையும் சேர்த்துப் பார்க்கும் மூன்று சமக்குறி போட்டு ஒப்பிட வேண்டும். பிள்ளைகள் எண்ணிக்கைக்குப் பிஎச்பியின் ஃபில்டர்வாரின் முழுஎண் சோதனையைப் போட்டோம். கீழ்வரம்பு 0, மேல்வரம்பு 20. அது தவறினால் பொய் மதிப்பைத் தரும், சரியாக இருந்தால் எண்ணைத் தரும். அந்த எண் 0 ஆக இருந்தால் இரண்டு சமக்குறி ஒப்பீடு அதையும் பொய் என்று எடுத்துக்கொள்ளும். இங்கும் மூன்று சமக்குறிதான். ‘03’ என்று எழுதினாலும் அந்தச் சோதனை மறுக்கும். அது பிழையல்ல, அதன் விதி. இஸ்_இன்ட் என்ற சோதனையைப் பாரத்து மதிப்பில் நேரடியாகப் போடுவதில் பயனே இல்லை, பாரத்திலிருந்து வருவது சரமாகவே வரும். ‘3’ என்று எழுதினாலும் இல்லை என்றே சொல்லும்.

பெயர்ப் பெட்டியில் வந்த வம்பு நம் ஆட்களுக்கே உரியது. எங்கிருந்தோ எடுத்த மாதிரியில் ஆங்கில எழுத்தும் இடைவெளியும் மட்டுமே அனுமதி. நம் ஐசியில் இன்னாரின் மகன், மகள் என்பதைக் குறிக்க ஏ/எல், ஏ/பி என்று சாய்கோடு இருக்கிறது. மாற்றுப்பெயருக்கு @ வருகிறது. இரண்டையும் சேர்த்தோம். உடனே இன்னொன்று: பதிவேற்றும் பிறப்புப் பத்திரத்துக்கு மாணவர் பெயரையே கோப்புப் பெயராக வைத்திருந்தோம், சாய்கோட்டைக் கண்ட வழங்கி அதைக் கோப்புறை என்று எண்ணிச் சேமிக்க மறுத்தது. கோப்புக்கு விண்ணப்ப எண்ணையே பெயராக வையுங்கள்.

தமிழில் பெயர் எழுத இன்னொரு பெட்டி உண்டு. யூனிகோடின் ‘எழுத்து’ வகையை மட்டும் அனுமதித்தால் கமல உள்ளே போவார், கமலா வெளியே நிற்பார். கால், கொம்பு, புள்ளி எல்லாம் யூனிகோடில் ‘குறி’ என்ற வேறு வகை. அதையும் சேர்க்க வேண்டும். நீளமும் ஏமாற்றும். முத்து என்பது நம் கண்ணுக்கு மூன்றெழுத்து, யூனிகோடில் ஆறு குறியீடு, யூடிஎஃப்-8இல் 18 பைட். பைட் கணக்கில் 50 என்று வரம்பு வைத்தால் நடுத்தர நீளப் பெயரே நடுவில் வெட்டுப்படும். ‘கொ’ போன்றவை இரண்டு விதமாகச் சேமிக்கப்படலாம், பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், தேடினால் கிடைக்காது. சேமிக்கும் முன் இரண்டையும் ஒன்றாக்கும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிடுகிறோம்.

தேதிக்கு உலாவியின் தேதிப் பெட்டியே நல்லது. திரையில் எப்படிக் காட்டினாலும் அனுப்புவது ஆண்டு-மாதம்-நாள் வரிசையில்தான். உரையாக வாங்கி ஜாவாஸ்கிரிப்ட்டிடம் மார்ச் 5 என்ற பொருளில் 05/03 என்று கொடுத்தால் மே 3 ஆக்கிவிடும். கைத்தொலைபேசிக்கு, இலக்கமல்லாத எல்லாவற்றையும் நீக்குகிறோம். புலனத்திலிருந்து (வாட்ஸ்அப்) ஒட்டும்போது கண்ணுக்குத் தெரியாத குறிகள்கூடச் சேர்ந்து வரும். நாட்டுக் குறியீட்டோடு 60இல் தொடங்கினால் அந்த 6ஐ மட்டும் எடுத்தால் 0 தானாக நிற்கும். 011க்கு மொத்தம் 11 இலக்கம், மற்ற கைத்தொலைபேசி எண்களுக்கு 10.

முகப்பில் வைத்த சோதனை எல்லாம் நிரப்புகிறவரின் வசதிக்கு. உலாவியின் கருவிப்பெட்டியைத் திறந்து யாரும் அதைக் கழற்றலாம். பெட்டியின் பெயருக்குப் பின்னால் சதுர அடைப்பு சேர்த்து அனுப்பினால் பிஎச்பிக்குச் சரத்துக்குப் பதில் அணி (பல மதிப்புகளின் பட்டியல்) வந்து சேரும், ஓரத்து இடைவெளியை நீக்கும் செயற்கூறு அங்கேயே விழும். அதனால் வழங்கியில் முதல் வரி, வந்தது சரமா என்பது. குறிபோடாத தேர்வுக்கட்டம் வரவே வராது. அது இல்லாததைத்தான் ‘இல்லை’ என்று படிக்க வேண்டும்.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஓட்டிப்பார்க்கும் பட்டியலில் இப்போது இருப்பவை: 08100, 000229இல் தொடங்கும் ஐசி, 010229இல் தொடங்கும் ஐசி, காலி ஐசி இரண்டு, 1,700, 17,00, 1.700, 0, வெற்று இடைவெளி மட்டும், 1இ3, 12பி, சாய்கோட்டுப் பெயர், கமலா, அணியாக வரும் பெயர். இதில் 17,00 நுழைந்துவிட்டால் காற்புள்ளி வடிவக்கோவையை யாரோ தொட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.